தானாக ஏறிய வெளிச்சம்

கல்கத்தாவின் கிடர்பூரிலிருந்து வடக்கே நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. தோளில் பை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஐந்து பிரிண்ட்டுகள். ஐந்தும் ஏறக்குறைய முழுக் கறுப்பு. மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கண்டெய்னர் லாரிகள் சேற்றை வாரி அடித்தபடி போயின. ஊரை விட்டுக் கிளம்ப எனக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்பட்டதில்லை. சிவகாசி, ஹைதராபாத், விசாகப்பட்டினம், எல்லா இடத்திலிருந்தும் இப்படித்தான் கிளம்பினேன். ஹவுராவுக்குப் போய், முதலில் எந்த வண்டி கிளம்புகிறதோ அதில் ஏறிவிடலாம் என்பதுதான் அப்போதைய யோசனை.

நான் விட்டு வந்தது ஒரு விசாரணை அறையை. கப்பலின் சரக்கறைக்குள் விழுந்து இடுப்பும் தொடையும் உடைந்த ஒருவர் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் விழுந்த நேரத்தில் சரக்கறைக்குள் இருட்டா வெளிச்சமா என்பதுதான் கேள்வி. இருட்டு என்றால் விளக்குப் போடாத கான்ட்ராக்டர் மேல் தப்பு, ஆஸ்பத்திரிச் செலவு அவருடையது. வெளிச்சம் என்றால் பார்த்து நடக்காத மனிதர் மேல் தப்பு. அதைத் தீர்மானித்தது ஒரு போட்டோ. போட்டோவில் வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் ஒரு பயனும் இல்லை.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் படங்களுக்குக் கன்னத்தை வழுவழுப்பாக்கும் வேலையில் சேர்ந்து, கம்ப்யூட்டரில் படம் திருத்துவதைக் கற்றுக்கொண்டேன். அந்த ஒரு தொழிலை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். கல்கத்தாவில் கிடைத்தது கிடர்பூர் ஸ்டுடியோ. முதலாளியின் தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். முதலாளிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசும்போது பாதியில் வங்காளத்துக்குத் தாவி, திரும்பி வர மறந்துவிடுவார். கடைக்கு மேலிருந்த பரணில் படுக்க இடம் கொடுத்தார்.

கல்யாண சீசனில் ஒரு வீட்டு விசேஷத்துக்கே ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து குவியும். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து திருத்த ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் முதலாளி மென்பொருளில் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கேமரா கார்டைச் செருகினால் போதும், உள்ளே வரும் ஒவ்வொரு ரா ஃபைலுக்கும் ஆட்டோ டோன் தானாக விழும். ரா ஃபைல் என்பது கேமரா பிடித்ததைப் பிடித்தபடி வைத்திருக்கும், இன்னும் சமைக்காத படம். அதைப் பார்க்கத் தகுந்ததாக ஆக்குவதுதான் எங்கள் வேலை. ஆட்டோ டோன் அதை ஒரு நொடியில் முடித்துவிடும். படம் முழுவதையும் அளந்து பார்த்து, எல்லாவற்றையும் ஒரு நடுத்தரமான வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுப்பாக இருந்தால் தூக்கும், வெளுப்பாக இருந்தால் இறக்கும். எதைப் படம் எடுத்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

அதனால் வந்த தொல்லைகள் கொஞ்சமல்ல. குளிர்காலத்தில் ஆற்றங்கரையில் பனிமூட்டத்துக்காகவே போய் எடுத்த ஜோடிப் படங்களில் பனியைத் துடைத்துவிடும், பின்னால் மிதக்கும் குப்பை பளிச்சென்று தெரியும். காளி பூஜை இரவின் வானம் சாம்பல் பூத்துப் போகும். மணப்பெண் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே போகும் படத்தில் மட்டும் அவள் புடவை கருத்துவிடும். அவர் நகர்ந்ததும் வெளிறிவிடும். தமிழ்க் குடும்பம் ஒன்றின் மாமியார் ஆல்பத்தைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார்.

"இதுல மூணு புடவை இருக்கு. நாங்க எடுத்தது ஒண்ணுதான்."

முதலாளி சிரித்துச் சமாளித்து அனுப்பினார். நான் ஆட்டோவை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன்.

"அரே பாபா, ஜனங்களுக்கு வெளிச்சம் வேணும். இருட்டா எடுத்துக் குடுன்னு எவன் வந்து கேட்டான் சொல்லு?"

கல்யாணம் இல்லாத மாதங்களில் எங்களுக்குத் துறைமுகம்தான் சோறு போட்டது. கப்பல் சரக்கின் சேதத்தைப் பார்த்து மதிப்புப் போடும் சர்வே ஆபீஸ் ஒன்று முதலாளியைக் கேமராவோடு கூப்பிடும். நனைந்த மூட்டை, துருவேறிய கம்பிச் சுருள், கிழிந்த சாக்கு. மணப்பெண்கள் வந்த அதே கம்ப்யூட்டரில், அதே ஏற்பாட்டின் வழியாக அவையும் வந்தன.

விழுந்தவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அப்பா நாகப்பட்டினத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். இவருக்கு அந்த நிரந்தர வேலை கிடைக்கவில்லை. கான்ட்ராக்டரிடம் டேலி எழுதினார். அதாவது சரக்கறைக்குள் நின்றுகொண்டு, மேலே தூக்கப்படும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடும் வேலை. ஸ்டுடியோவுக்குப் பின் சந்தில் ஒரே அறை வீடு. இரவுச் சாப்பாட்டுக்கு நான் மாதக் கணக்கில் அங்கே போய்க்கொண்டிருந்தேன். அவருடைய மனைவியை அண்ணி என்பேன்.

"வாய்யா, இன்னைக்கு எத்தனை பேரை வெள்ளையாக்கினே?" என்பார் அண்ணன்.

"எண்ணலைண்ணே."

"நான் எண்ணிட்டுதான் இருக்கேன். உன் தட்டுல விழற ரொட்டிக்குக்கூடக் கோடு போடறேன். நாலு கோடு, அஞ்சாவதுக்குக் குறுக்குக் கோடு. இவளைக் கேளு, குறுக்குக் கோடு விழாத நாளே இல்லை."

"அவர் கெடக்குறார், நீங்க சாப்பிடுங்க தம்பி," என்பார் அண்ணி. அந்த ஊரில் பேச்சுக்காகவும் நான் சாப்பிடப் போன வீடு அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் மாதம். பட்டாணி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்த கப்பலில் ஒரு பகுதி நனைந்துவிட்டது என்று சர்வே ஆபீஸ் முதலாளியைக் கூப்பிட்டிருந்தது. சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது ஷூவெல்லாம் தண்ணீர்.

"தம்பி, நம்ம டேலிக்காரன் விழுந்துட்டான்," என்றார். "நடுத் தளத்து விளிம்புலேர்ந்து நேரா கீழே. உயிர் இருக்கு."

என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"மழை வந்துட்டுது. பட்டாணி நனையக் கூடாதுன்னு மேல் மூடியை இழுத்துட்டானுங்க. ஒரு சாண் இடைவெளிதான் விட்டிருந்தானுங்க. உள்ளே ஒரு விளக்கும் கிடையாது. எல்லாரையும் மேலே வான்னு கூப்பிட்டிருக்கானுங்க, இவன் ஏணின்னு நினைச்சு காத்துல கால் வச்சுட்டான். சர்வேக்காரர் என்னை இறங்கிப் படம் எடுக்கச் சொன்னார். போன் டார்ச்சைப் போட்டுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுதான் நான் இறங்கினேன். ஃப்ளாஷ் நனைஞ்சு செத்துப் போச்சு. மேலே டெக்குல வெளிச்சத்துக்கு வச்சிருந்த செட்டிங்லயே அஞ்சாறு அமுக்கிட்டு ஓடி வந்துட்டேன். திரையில ஒண்ணுமே தெரியலை."

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முதலாளி கார்டைச் செருகினார். டெக்கில் எடுத்த நனைந்த மூட்டைகள், சரக்கறையில் எடுத்த இருட்டு, எல்லாம் ஒரே வரிசையில் உள்ளே போயின. ஒன்றுமே தெரியாத படங்களில் எல்லாம் தெரிந்தது. முதலாளிக்குச் சந்தோஷம். பிரிண்ட் போட்டு மறுநாளே அனுப்பிவிட்டார். அந்தப் படங்களை நான் பார்க்கவே இல்லை.

அண்ணனுக்கு ஆபரேஷன் ஆகி, இடுப்பிலிருந்து முழங்கால்வரை கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அண்ணி ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தம்பி, கான்ட்ராக்டர் ஆபீஸ்லேர்ந்து போட்டோ எடுத்துட்டு வந்து இவர்ட்ட காட்டினாங்க. பட்டப்பகல் மாதிரி இருக்கு. ஏணி தெரியுது, விளிம்பு தெரியுது, ஒவ்வொரு மூட்டையும் தெரியுது. இவர் இருட்டுன்னாரே?"

"இருட்டுதான் அண்ணி. எங்க முதலாளியே சொன்னார்."

"அப்போ போட்டோவுல எப்படி? குடிச்சிருந்தியான்னு கேட்டாங்க தம்பி. இவரை. நான் பக்கத்துல நிக்கிறப்பவே கேட்டாங்க. விசாரணை வைக்கப் போறாங்களாம்."

உள்ளே போய் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். அண்ணி சொன்னது சரி. மேகம் போட்ட மத்தியானம் மாதிரி ஒரு அறை. ஏணியின் படிகளை ஒன்று இரண்டு என்று எண்ணலாம். தளம் முடியும் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. திருத்தங்களை நீக்கும் பட்டனை அமுக்கினேன். படம் அணைந்துபோனது. மேல் மூலையில் ஒரு வெளிறிய கீற்று மட்டும் மிச்சம். மூடியில் விட்ட இடைவெளி அது. அடுத்த படம், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. சரக்கறை அணைந்த பிறகு ஸ்டுடியோவில் எரிந்த டியூப்லைட் திரையில் பிரதிபலித்தது, அதற்குக் கீழே என் முகம்.

அந்த இருட்டுப் படங்களைப் பிரிண்ட் போட்டேன். முதலாளி மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கறுப்பு இங்க் முழுக்கக் காலி பண்றே. எழவு வீட்டுக்கா அனுப்பறே?"

"விசாரணைக்கு, முதலாளி. நீங்களும் வந்து சொல்லுங்க. டார்ச் அடிச்சு இறங்கினேன்னு சொன்னீங்களே."

அவர் ஒரு பிரிண்ட்டை எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மை ஈரம் காயவில்லை, விரலில் ஒட்டியது.

"இதைக் காட்டினா நான் எடுத்த படம் இதுன்னு ஆகும்," என்றார். "யோசிச்சுப் பாரு."

நான் அதை யோசிக்கவில்லை. அவருக்கு அதுதான் பெரிய விஷயம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

விசாரணை கான்ட்ராக்டரின் ஆபீஸ் மாடியில் நடந்தது. அண்ணனை நாற்காலியோடு இரண்டு பேர் படியேற்றினார்கள். அண்ணி கதவோரம் நின்றார். விசாரித்த அதிகாரி வயதானவர், வங்காளி, அடிக்கடி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அண்ணனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், காலை நீட்டிக்கொள்ள ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். இந்தியும் வங்காளமும் கலந்த பேச்சு. நான் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சப் படங்களை மேஜையில் பரப்பினார். முதலாளியைக் கேட்டார்.

"நீங்கள்தானே எடுத்தீர்கள்? உள்ளே வெளிச்சம் எப்படி இருந்தது?"

முதலாளி என் பக்கம் திரும்பவில்லை.

"கொஞ்சம் மங்கல், சார். ஆனால் வேலை செய்கிற அளவுக்கு இருந்தது. இருந்ததால்தானே படம் வந்திருக்கிறது?"

நான் எழுந்து என் பிரிண்ட்டுகளைக் கொடுத்தேன். அதிகாரி ஒன்றை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு முகத்துக்கு அருகே வைத்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"இதில் என்ன இருக்கிறது?"

"ஒன்றும் தெரியாது, சார். அதுதான் விஷயம். அங்கே ஒன்றும் தெரியவில்லை."

"ஒன்றும் தெரியாத படத்தை வைத்து நான் எதைத் தெரிந்துகொள்வது?"

ஆட்டோ டோன் பற்றிச் சொன்னேன். கல்யாணப் படங்களுக்காக வைத்த ஏற்பாடு, அதன் வழியாக இதுவும் போய்விட்டது, அது எதையும் நடுத்தர வெளிச்சத்துக்குத் தூக்கிவிடும் என்றெல்லாம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால் மெஷின் தானாகச் செய்தது. யாரும் கை வைக்கவில்லை."

"ஆமாம் சார்."

"இந்தக் கறுப்புப் படத்தை?"

"நான் எடுத்துக்கொண்டு வந்தேன்."

"நீ சாப்பிடுவது இவர்கள் வீட்டில்தானே?" முதலாளி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். "மெஷினுக்கு இவன் யாரோ. உனக்கு இவன் வீட்டில் சாப்பாடு. நான் எதை நம்புவேன், நீயே சொல்."

பென் டிரைவில் மூல ஃபைல்கள் இருப்பதாகச் சொன்னேன். என் மடிக்கணினியில் காட்டட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார். ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே திறக்க வேண்டும், அதில் யாரும் எந்த ஏற்பாடும் செய்து வைத்திருக்க முடியாது. நியாயமான பேச்சுதான். அந்தக் கம்ப்யூட்டரில் ரா ஃபைலைத் திறக்கிற மென்பொருள் இல்லை. குமாஸ்தா ஒருவர் இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒன்றை இறக்கினார். அது இறங்கும்வரை எல்லோரும் டீ குடித்தோம். அண்ணன் மட்டும் குடிக்கவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் மறுபடியும் அவரைத் தூக்க வேண்டும்.

படம் திறந்தது. கறுப்பாகத் திறந்தது. எல்லோரும் பார்த்தார்கள். "இதுதான் சார்," என்று நான் வாயெடுப்பதற்குள் ஏதோ ஒரு சிறு வட்டம் சுற்றி நின்றது, படம் மெல்ல விடிந்தது. ஏணி வந்தது. விளிம்பு வந்தது. மூட்டைகள் வந்தன. புதிதாகப் போட்ட அந்த மென்பொருளிலும் யாரும் கேட்காமலேயே ஆட்டோ இருந்தது.

அறையில் யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா கைகளைத் தூக்கிக் காட்டினார். "நான் எதையும் தொடவில்லை."

நான் குனிந்து மவுஸைப் பிடித்தேன். வெளிச்சத்தின் ஸ்லைடரை இடது பக்கம் இழுத்தேன். படம் கருத்தது. அது கேமரா பிடித்த இடத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் பார்த்தது வேறு. அவர்கள் கண்முன்னால் ஒருத்தன் வெளிச்சமான படத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தான்.

"போதும்," என்றார் அதிகாரி.

"சார், பெரிதாக்கிப் பாருங்கள்." ஸ்லைடரை விட்டுவிட்டு ஒரு மூலையைப் பெரிதாக்கினேன். "இந்தப் புள்ளிகள். மணல் மாதிரி தெரிகிறதே. இருட்டில் எடுத்த படத்தை வலுவில் தூக்கினால்தான் இப்படி வரும். வெளிச்சத்தில் எடுத்தால் வராது."

அவர் எழுந்து வந்து பார்த்தார். உண்மையாகவே கவனித்துத்தான் பார்த்தார்.

"பட்டாணித் தூசு," என்றார். "சரக்கறைக்குள் எப்போதும் பறக்கும். நான் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன்."

பிறகு அண்ணனிடம் போய் வெளிச்சப் படத்தைக் கையில் கொடுத்தார்.

"நீ சொல். ஏணி எங்கே இருக்கிறது?"

அண்ணன் விரலை வைத்துக் காட்டினார்.

"விளிம்பு?"

காட்டினார்.

"தெரிகிறதா?"

"தெரியுது சார்."

படத்தில் தெரிகிறது என்றுதான் அவர் சொன்னார். வேறென்ன சொல்வார்? தெரிந்ததைத் தெரிகிறது என்றார். குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார்.

கவனக்குறைவு என்று முடிவானது. குடித்திருந்தார் என்பதை எழுதாமல் விட்டது தன் தயவு என்று அதிகாரி சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவைக் கான்ட்ராக்டர் ஏற்க மாட்டார். வேலையைப் பொறுத்தவரை, விசாரணைக்காகத்தான் இதுவரை பெயரை எடுக்காமல் வைத்திருந்தார்கள். இப்போது அடுத்த கப்பல் நிற்கிறது, ஆள் இல்லாமல் முடியாது. நாளைக் காலை ஷிஃப்ட்டுக்கு அவர் வர வேண்டும், இல்லையென்றால் அவர் பெயரில் ஒரு பத்லி வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளைச் சேர்ப்பார்கள். பத்லி என்பது ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்பது. இங்கே சணல் மில்களிலும் துறைமுகத்திலும் பழைய வழக்கம். பெயர் ஒருவருடையது, வேலை செய்கிற உடம்பு வேறொருவருடையது, கூலியை அவர்களே பிரித்துக்கொள்வார்கள். பத்லி நிற்கும்வரை பெயர் போகாது. எழுந்து நடக்க முடிந்தால் திரும்பி வரலாம்.

படியிறங்கும்போது முதலாளி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இனிமே நீ கடைக்கு வர வேண்டாம். சர்வே ஆபீஸ்காரன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"இருட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன முதலாளி?"

"சொல்லியிருந்தா? டெக்கு செட்டிங்கை வச்சுக்கிட்டு உள்ளே போய் அமுக்கினவன்னு எழுதியிருப்பான். அதுக்கப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்? எனக்கும் வீட்ல சாப்பிடற வாய் இருக்குடா."

பரணிலிருந்து பையை எடுத்தேன். அண்ணியும் அண்ணனும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்று பார்க்கப் போகவில்லை. போனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. நடந்தேன். அதுதான் இந்த நடை.

பாபுகாட் வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. படகுத்துறையில் ஒருவன் அக்கரை பின்னால் தெரியத் தன் பெண்டாட்டியைப் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தான். எடுத்ததைப் பார்த்து, "பார், எவ்வளவு பளிச்சென்று வந்திருக்கிறது" என்று அவளிடம் சொன்னான். நான் படகேறி ஹவுராவில் இறங்கினேன். ஸ்டேஷனில் அறிவிப்புப் பலகைக்குக் கீழே நின்று வண்டிகளின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணிதான் என்று எடுத்தேன். அண்ணன் பேசினார்.

"எங்கேடா இருக்கே?"

"ஹவுராண்ணே."

"அப்படித்தான் நினைச்சேன். எந்த ஊரு?"

"இன்னும் பார்க்கலை."

"சாப்பிட்டியா? இங்கே உன் தட்டு காலியா கெடக்கு, கோடு போட ஆள் இல்லை." சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கும், பாதியில் நிறுத்திக்கொண்டார். "உன் அண்ணி பத்லி தேடிப் போயிட்டு வந்தா. ஹவுராவுல அவ அண்ணன் மகன் பட்டறையில இருக்கானே, அவன் முடியாதுன்னுட்டான். கப்பல்ல இறங்க பயமாம். நான் விழுந்ததைச் சொல்லிச் சொல்லி ஊரையே பயமுறுத்தி வச்சிருக்காங்க. இப்போ இவளே போறேங்கறா. பொம்பளையைக் கப்பல்ல ஏத்துவானான்னு கேட்டா, ஏன் எனக்கு எண்ணத் தெரியாதாங்கறா."

பக்கத்தில் ஒரு குடும்பம் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க ஏன் தெரியுதுன்னு சொன்னீங்க?"

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"தம்பி, நான் பொய் சொல்லலை. அந்தப் போட்டோவை இவங்க வீட்டுக்கு வந்து வந்து காட்டிக் காட்டி, இப்போ கண்ணை மூடினா எனக்கு அதுதான் வருது. ஏணி தெரியுது. விளிம்பு தெரியுது. கால் வைக்கிறது மட்டும் தெரியலை. இருட்டா இருந்துச்சுன்னு உன் அண்ணிக்கு நான்தான் சொன்னேன். சொன்னது ஞாபகம் இருக்கு. இருட்டு ஞாபகம் இல்லை. நான் பார்த்துக்கிட்டேதான் விழுந்தேனோ என்னவோ."

"இல்லைண்ணே. இருட்டுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அங்கே இல்லையே."

அவர், "சரி, வண்டி எத்தனை மணிக்குன்னு பார்த்து ஏறு. போற எடத்துல போன் பண்ணு," என்று வைத்துவிட்டார். என்னை நீ வந்து நில் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை வண்டியேறியிருப்பேன். என் சுபாவம் அப்படி.

வண்டிகள் கிளம்பின. அன்று நான் எதிலும் ஏறவில்லை. பிளாட்பாரத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். கறுப்புப் பிரிண்ட்டுகளைக் கீழே விரித்துக்கொண்டேன். தரை ஈரம் கொஞ்சம் தடுத்தது.

காலையில் முதல் படகில் திரும்பினேன். துறைமுக கேட்டில் கூட்டம். அண்ணி முன்னாலேயே வந்து நின்றிருந்தார், கையில் அண்ணனுடைய டிபன் டப்பா. என்னைப் பார்த்ததும் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். கான்ட்ராக்டரின் மேஸ்திரி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நேற்று வந்த போட்டோக்காரன்தானே? எண்ணத் தெரியுமா?"

"தெரியும்."

"விழாமல் எண்ணத் தெரியுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். அண்ணனுடைய பெயர் வந்தபோது அவருக்குப் பதிலாக நான், "ஹாஜிர்," என்றேன். அவர் ஒரு பலகையையும் பென்சிலையும் கொடுத்து, இரண்டாவது சரக்கறையில் இறங்கு என்றார்.